அரிச்சல்முனைக்குப் போன சைக்கிள்

"பஸ்ல போனா டூர்... சைக்கிள்ல போனாத்தான்டா ட்ரிப்!" என்று கிளாஸில் ஒருத்தன் கொளுத்திப் போட, நாலு பேர் கிளம்பிவிட்டோம். ராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனை கிட்டத்தட்ட 75 கிலோமீட்டர். எனக்கென்று சைக்கிள் கிடையாது பாஸ்! தங்கச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளைக் கெஞ்சி வாங்கினேன். "ஒரு கீறல் விழக் கூடாதுண்ணே" என்றாள். விழவில்லை. அதைவிட மோசமாக ஒன்று நடந்தது.

பாம்பன் ரோடு பாலத்தில் ஏறியதுமே காற்று ஆளைத் தள்ளுகிறது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு, ஸ்பெஷல் பெயின்ட்டும் அடித்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய பாலமே பயப்படுகிற காற்று! நாங்களோ செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தோம்.

ராத்திரி ராமேஸ்வரம். விடியற்காலையில் தனுஷ்கோடி... 1964 புயல் துடைத்துப் போட்ட ஊர். 2017-ல் ரோடு வருவதற்கு முன்னால் மணலில் வேனில் குலுங்கிக் குலுங்கித்தான் போகணும். இப்போது முனை வரைக்கும் தார் ரோடு. ஒரு பக்கம் சாதுவான பெண் கடல், இன்னொரு பக்கம் சீறுகிற ஆண் கடல். அந்த ஆண் கடல் பக்கமாகத்தான் சைக்கிளைச் சாத்திவிட்டு ரெண்டு மணி நேரம் ஆட்டம் போட்டோம். அலை கல்லில் மோதித் தூறல் மாதிரி தெறிக்கிறது. திரும்பி வந்து தொட்டால் ஹேண்டில்பார் பிசுபிசு. விரலை நாக்கில் வைத்தால்... உப்பு!

வீட்டுக்கு வந்ததும் ரொம்பப் பொறுப்பாகச் செயினுக்கு எண்ணெய் விட்டேன். அதுவும் தேங்காய் எண்ணெய்! லீவு முடிந்து தங்கச்சி எடுத்தபோது செயின் செங்கல் கலர். பாதி வழியில் இறுகி நின்றுவிட, மூணு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போயிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு பிராக்டிகல். அரை மணி நேரம் லேட். வந்து திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை... பேசவே இல்லை.

சைக்கிள் கடை அண்ணன்தான் திட்டினார். "கழுவாம எண்ணெய் விட்டியா? உப்பையும் மணலையும் உள்ள வச்சுப் பூட்டிட்டியேப்பா!" உப்பு, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுமாம். நிழலில் நிறுத்தினாலும் இரும்பு நனைந்த மாதிரிதான். எண்ணெயோடு மணல் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற கதை. (பேரிலேயே உப்பு இருக்கு பாருங்க!)

செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பார்த்தார். தேறவில்லை, புதுசு மாட்டினார். "வந்த அன்னைக்கே ஒரு வாளி தண்ணி ஊத்தியிருந்தா இந்தச் செலவே இல்ல. போர் தண்ணி வேணாம், நம்ம ஊர் போர்லயே உப்பு. காவிரித் தண்ணி ஊத்து" என்றார். கழுவியதும் துணியால் துடைக்கணும், முக்கியமாக ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் சேருகிற இடம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். கண்ணிக்கு ஒரு சொட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடணும். சீட் கம்பியை உருவி கிரீஸ் தடவணும், இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். மட்கார்டு, ரிம்மில் முலாம் கீறியிருந்தால் அங்கே நெயில் பாலிஷ் ஒரு கோட்டிங்.

நெயில் பாலிஷுக்குத் தங்கச்சியிடம்தான் போய் நின்றேன். கொடுத்தாள். சைக்கிள் சாவியை மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.