மட்டாஞ்சேரியில் கற்ற பாடம்

நம் பெங்களூரின் மைசூர் சாலையில் யூதர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. அவ்வழியே போகும்போதெல்லாம், எங்கிருந்தோ வந்து இங்கே வாழ்ந்து மறைந்த அம்மக்களைப் பற்றி அறிய வேண்டும் என்னும் ஆவல் எழும். சென்ற கோடை விடுமுறையில் இரயில்வே பாஸ் கிடைத்ததும், அவர்களுடைய பழம்பெரும் ஆலயத்தைக் காண மனைவியுடனும் எட்டு வயது மகளுடனும் கொச்சிக்குப் புறப்பட்டேன்.

ஓசூர் வழியாகச் செல்லும் காலை வண்டி. மகள் சன்னலோரம் அமர்ந்து, நிலையப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். ஆனேக்கல் ரோடு வரையில் கன்னட எழுத்தைத் தடையின்றிப் படித்தாள். ஓசூரில் பலகையின் தலைப்பில் தமிழ் வந்தது. அவள் அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தைப் படித்தாள். பிறகு, "அப்பா, மேலே இருப்பது தமிழ்தானே? அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள். எதிரே இருந்த பெரியவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். பொங்கலும் தவறாமல் வைக்கிறோம். ஆயினும் அவள் கையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை நான் கொடுத்ததில்லை. குற்றம் என்னுடையதே.

மறுநாள் மட்டாஞ்சேரி சென்றோம். 1568ஆம் ஆண்டில் எழுந்த ஆலயம் அது. தரையில் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள். மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் இச்சமூகத்தின் அரும்பெரும் செல்வம். அவை நம் முன்னோரும் கையாண்ட வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. 1948இல் இஸ்ரேல் நாடு அமைந்தபின் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் அங்குக் குடியேறிவிட்டனர். இன்று ஆலயத்துக்கு வருவோர் பெரும்பாலும் நம்மைப் போன்ற பயணிகளே.

நாடு நாடாய்ச் சிதறிய இம்மக்கள் தம்மை மறவாதிருந்தது எவ்வாறு? பஸ்கா என்னும் அவர்களது திருநாளைப் பற்றிப் படித்தபோது விடை கிடைத்தது. எகிப்தில் அடிமைப்பட்டிருந்து மீண்டதை நினைவுகூரும் அவ்விரவில், குடும்பத்தார் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து 'ஹகாதா' என்னும் நூலைப் படிப்பர். தொடக்கத்திலேயே வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இன்றைக்கு மட்டும் உணவும் முறையும் ஏன் மாறியிருக்கின்றன என்று கேட்க வேண்டும். அதற்கு விடை கூறுவது பெரியவர் கடமை. கசப்புக் கீரை அடிமை வாழ்வின் கசப்பு. உப்பு நீர் அன்று வடித்த கண்ணீர். புளிக்காத அப்பம், மாவு புளிக்கவும் நேரமின்றிப் புறப்பட்டதன் அடையாளம். குழந்தைகள் உறங்கிவிடாதிருக்க அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வதும் உண்டு. முடிவில், மறு ஆண்டு எருசலேமில் கூட வேண்டும் என்னும் வாழ்த்து. இவ்வாறு வரலாறும் திருநாளும் தாயகமும் ஒரே இரவில், ஒரே நூலின் வழியாகக் குழந்தையின் நெஞ்சில் பதிகின்றன.

அவர்கள் வாழ்ந்த மண்ணின் மொழியை வெறுத்தார்களா? இல்லை. பம்பாய்ப் பகுதி யூதர்களுக்காக அந்நூல் 1846இல் மராத்தி மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. கொச்சி யூதப் பெண்கள் தம் பாடல்களை மலையாளத்திலேயே பாடி, குறிப்பேடுகளில் எழுதிவைத்து மகளிருக்குக் கொடுத்தனர். தொழுகைக்கு எபிரேயம், பாட்டுக்கு மலையாளம். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. நம் குழந்தைகள் கன்னடம் கற்பதால் தமிழ் குன்றாது. நாம் கற்பிக்காவிட்டால்தான் குன்றும்.

அமெரிக்காவில் ஹெரால்டு கிரின்ஸ்பூன் என்னும் செல்வர், யூதக் குழந்தைகளின் வீடுகளுக்கு மாதந்தோறும் கதைப் புத்தகங்களை இலவசமாக அஞ்சலில் அனுப்பும் திட்டத்தை 2005இல் தொடங்கினார். குழந்தைக்குப் படித்துக்காட்டும் பெற்றோரும் தாம் மறந்ததையும் அறியாததையும் கற்றுக்கொள்கின்றனர். தமிழில் தேர்ச்சி குறைந்த பெற்றோர்க்கு இதில் ஆறுதல் உண்டு.

நமக்கு அத்தகைய செல்வர் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. 1950இல் தோன்றிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அல்சூர் ஏரிக்கரையிலேயே இருக்கிறது. அழ. வள்ளியப்பாவின் குழந்தைப் பாடல்கள் இருக்கின்றன. பொங்கலன்று பானை பொங்கும்போது, புதுப்பானை ஏன், மஞ்சள் கொத்து ஏன், கதிரவனுக்கு ஏன் படைக்கிறோம் என்று நம் கடைக்குட்டிகள் கேட்கட்டும். நாம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடை கூறுவோம்.

ஊர் திரும்பியது முதல் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் மகளுடன் தமிழ் படிக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். அடுத்த பாஸில் மீண்டும் ஓசூர் வழியாகவே பயணம் செய்வதாக இருக்கிறோம்.