பதிவு எண் இல்லாத சான்றிதழ்

“பிராக்டிகல் நர்ஸ் என்றொரு வேலை கனடாவில் இருக்கிறதா, இல்லையா? மனுதாரர் தரப்பே சொல்லட்டும்.” எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இப்படித்தான் வாதத்தைத் தொடங்கினார்.

இருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் அதற்கு ரெஜிஸ்டர்டு பிராக்டிகல் நர்ஸ் என்று பெயர். கனடாவின் மற்ற மாகாணங்களிலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ் என்பார்கள். மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, நோயாளியைக் கண்காணிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேறு நாட்டில் படித்தவர்களும் தகுதியை நிரூபித்து, தேர்வெழுதி அந்த உரிமத்தைப் பெறலாம். இவ்வளவும் உண்மை என்பதால்தான் எதிர்த்தரப்பு ஏஜென்சி சொன்ன பொய் விலைபோனது.

என் கட்சிக்காரர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பிளஸ் டூ முடித்ததும் ஒரு தனியார் நிறுவனத்தில் ‘டிப்ளமோ இன் பிராக்டிகல் நர்சிங்’ என்ற ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தார். பிறகு நான்கு வருடம் ஒரு நர்சிங் ஹோமில் பெரும்பாலும் நைட் டியூட்டி. நரம்பு கிடைக்காத முதியவருக்கும் டிரிப் ஏற்றத் தெரிந்தவர். 2021-இல் சென்னையில் இருந்த ஒரு ஏஜென்சி, கனடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி நாலு லட்சத்து அறுபதாயிரம் ரூபாயைத் தவணை தவணையாக வாங்கியது. 2018 கஜா புயலில் தென்னந்தோப்பு சாய்ந்த பிறகு மிச்சமிருந்த நிலத்தையும் அதற்காக அப்பா விற்றுவிட்டார். “புள்ளைக்குப் படிப்பு இருக்கு, இங்கிலீஷ் பரீட்சையும் பாஸ் பண்ணிட்டா. அப்புறம் எதுல சார் கொறை?” என்று கேட்டார்.

குறை அந்தச் சான்றிதழில் இருந்தது. கெட்டியான காகிதம், பொன்னிற முத்திரை, ஹாலோகிராம், நெளிவு சுளிவான ஆங்கில எழுத்து எல்லாம் இருந்தன. மதிப்பெண் பட்டியலில் உடற்கூறியல் முதல் முதலுதவி வரை பாடங்கள் இருந்தன. செவிலியர் குழுமத்தின் பெயர் மட்டும் எங்குமே இல்லை. இந்தியாவில் நர்ஸ் என்று பதிவு செய்துகொள்ள ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு என அங்கீகரிக்கப்பட்ட படிப்புகள் இருக்கின்றன. அவற்றை முடித்தவர்தான் மாநிலக் குழுமத்தின் பதிவேட்டில் ஏற முடியும். தமிழ்நாட்டில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மருத்துவத் தாதியர் குழுமம்தான் அந்தப் பதிவேட்டை வைத்திருக்கிறது. ஓராண்டு ‘பிராக்டிகல் நர்சிங்’ டிப்ளமோவுக்கு அதில் இடமே கிடையாது.

வெளிநாடுகள் முதலில் பார்ப்பது இந்தப் பதிவைத்தான். கனடாவின் மதிப்பீட்டு அமைப்பு, விண்ணப்பதாரர் கையால் கொடுக்கும் நகலை ஏற்பதில்லை. படித்த நிறுவனமும் பதிவு செய்த குழுமமும் ஆவணங்களை நேரடியாக அனுப்ப வேண்டும். வளைகுடா நாடுகளுக்கான டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் அப்படித்தான், சான்றிதழ் கொடுத்த இடத்திலேயே போய்க் கேட்கும். பதிவே செய்யாத ஒருவரைப் பற்றிக் குழுமம் என்ன எழுதி அனுப்பும்? கனடா விண்ணப்பம் அந்தப் படியிலேயே நின்றுபோனது. குழுமப் பதிவு வேண்டாமா என்று இந்தப் பெண் பலமுறை ஏஜென்சியிடம் கேட்டிருக்கிறார். “கவுன்சில் பதிவெல்லாம் தேவையில்லைம்மா, அங்க போய்ப் பார்த்துக்கலாம்” என்று வாட்ஸ்அப் குரல்பதிவில் பதில் வந்திருந்தது. அந்தக் குரல்பதிவை எழுத்தாக்கி, உரிய சான்றோடு ஆவணமாகக் குறியிட்டோம்.

கூடவே, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு குழுமத்துக்கு ஒரு மனு போட்டேன். இந்த நிறுவனம் உங்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, இந்தப் படிப்பை முடித்தவரைப் பதிவு செய்வீர்களா என்று இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தது. வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவிலும் பிராக்டிகல் நர்சிங் சுமார் ஓராண்டுப் படிப்புதானே என்று கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அந்த ஓராண்டுப் படிப்புக்கு அந்தந்த மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்; முடித்தவர் என்கிளெக்ஸ்-பிஎன் தேர்வு எழுதித் தேற வேண்டும். அங்கேயும் கால அளவு தகுதி தருவதில்லை, அங்கீகாரம்தான் தருகிறது. அடுத்து, நாங்கள் ஆள் அனுப்பும் ஏஜென்ட் அல்ல, ஆலோசனை சொல்கிறவர்கள் மட்டுமே என்றார்கள். அவர்கள் கொடுத்த ரசீதிலேயே ‘வேலை அனுமதி ஃபைல்’ என்று எழுதியிருந்தது. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்ற ஏஜென்டுகூட சேவைக் கட்டணமாக முப்பதாயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இவர்களிடம் பதிவும் இல்லை.

படிப்பு நிறுவனத்தையும் இரண்டாவது எதிர்த்தரப்பாகச் சேர்த்திருந்தேன். அங்கேதான் சட்டம் எங்களைக் கைவிட்டது. கல்வி நிறுவனங்கள் தரும் கல்வி நுகர்வோர் சட்டம் சொல்லும் ‘சேவை’ ஆகாது என்று உச்ச நீதிமன்றமும், 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையமும் சொல்லியிருக்கின்றன. அந்தத் தீர்ப்புகளைக் காட்டி நிறுவனம் வெளியேறிவிட்டது. சிவில் நீதிமன்றம் போகலாம் என்றது நாங்கள் வழக்குப் போட்டிருந்த மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஏஜென்சி பறித்தது பணத்தை. இந்தப் பெண்ணின் ஐந்து வருடத்தைப் பறித்தது அந்த நிறுவனம். அதற்கு நர்சிங் சொல்லித்தரும் உரிமையே இல்லாதபோது, கல்வி நிறுவனம் என்ற பாதுகாப்பை மட்டும் ஏன் தர வேண்டும்? இப்படிப்பட்ட நிறுவனங்கள் சிறு ஊர்களின் பேருந்து நிலையத்துச் சுவர்களில் இன்றும் விளம்பரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஏஜென்சிக்கு எதிராக மாவட்ட ஆணையம் உத்தரவிட்டது. வாங்கிய பணம் முழுவதும் ஒன்பது சதவீத வட்டியோடு, மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம் ரூபாய், அதற்குமேல் செலவுத்தொகை. உத்தரவு வந்தும் பணம் வரவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் மனு போட்டோம். உத்தரவை மதிக்காதவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. அதன்பிறகுதான் காசோலை வந்தது.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டி, குழுமத்தின் பட்டியலில் உள்ள கல்லூரியில் அவர் ஜி.என்.எம். சேர்ந்திருக்கிறார். முடித்துப் பதிவு செய்தபின் கனடாவுக்கோ வளைகுடாவுக்கோ விண்ணப்பிக்க அவருக்கு வழி இருக்கிறது. அந்தந்த நாட்டின் தேர்வும் மொழித் தகுதியும் அதற்கப்புறம்.

பிள்ளைகளை நர்சிங் படிக்க வைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கட்டணம் கட்டுமுன் கல்லூரியின் பெயரைக் குழுமத்தின் பட்டியலில் தேடுங்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை நடத்துகிறது, அங்கேயும் விசாரியுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.