பதினாறு கட்டங்களில் அடங்காத அடி

மாலை ஆறு மணிக்கு மேல் சந்தாபுரா சர்க்கிளில் எதுவும் நகர்வதில்லை. ஓசூர் போகும் தமிழ்நாட்டு பஸ்கள், ஆனேக்கல் சாலையிலிருந்து வந்து முட்டும் லாரிகள், அத்திபெலேவுக்கு ஆள் கூவும் வேன்கள் எல்லாம் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்தது. ஆனால் அது பொம்மசந்திராவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருப்பவர்களுக்குப் பழைய நெரிசல்தான் கதி.

கம்பெனி வேனின் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருக்கும் 27 வயது இளைஞருக்கு மட்டும் இந்த நெரிசல்மீது புகார் இல்லை. பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் சிஎன்சி இயந்திரம் ஓட்டுபவர் அவர். சந்தாபுராவில் மூன்று பேரோடு பகிர்ந்துகொள்ளும் அறைக்குப் போய்ச் சேர சில நாள் முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணி நேரம்தான் அவருடைய ஸ்டுடியோ. காதில் ஒயர் வைத்த இயர்போன், மடியில் ஓரம் விரிசல் விட்ட செல்போன். திரையில் வரிசைக்குப் பதினாறாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

இதற்கு ஸ்டெப் சீக்வென்ஸர் என்று பெயர். விஷயம் எளிமையானதுதான். ஒரு வரிசை ஒரு வாத்தியத்துக்கு. ஒரு கட்டத்தைத் தொட்டால் அது ஒளிரும். ஒரு வெளிச்சக் கோடு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஒளிரும் கட்டத்தை அது கடக்கும்போது அடி விழும். கடைசிக் கட்டத்துக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வேகம் வைத்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு. கை வேகம் தேவையில்லை, பல வருஷப் பயிற்சி தேவையில்லை. எங்கே அடி விழ வேண்டும் என்பது தெரிந்தால் போதும். சிஎன்சி இயந்திரத்துக்கு எண்களில் கட்டளை எழுதிக் கொடுத்துவிட்டு அது சொன்னபடி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இது ஒன்றும் புது உலகமாகத் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண்ட்ராய்டு போன் திரையைத் தட்டி மேளம் வாசிக்க முயன்றவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும். விரல் பட்ட பிறகு சத்தம் சற்றுத் தாமதித்துத்தான் வரும். ப்ளூடூத் இயர்போன் போட்டால் கேட்கவே வேண்டாம், தாளம் மொத்தமும் நொண்டும். கட்டத்தில் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. எந்த நேரத்தில் தொட்டாலும் அடி தன் நேரத்தில்தான் விழும். ஒயர் இயர்போனுக்கு ஓட்டை உள்ள பழைய மாடல் போனை அவர் தேடிப் பிடித்து வாங்கியதும் இந்தத் தாமதத்துக்குப் பயந்துதான்.

பதினாறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நாலு தட்டுக்கு ஒரு சுற்று, ஒரு தட்டுக்கு நாலு பங்கு என்ற மேற்கத்திய நடனக் கணக்கு. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980ல் வெளியிட்ட டிஆர்-808 என்ற தாளப்பெட்டியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நாலு நாலாகப் பதினாறு பொத்தான்கள் இருந்தன. நிஜ டிரம் மாதிரி இல்லை என்று அந்தக் காலத்தில் பலர் அதை ஒதுக்கினார்கள். 1983ல் உற்பத்தியே நின்றுபோனது. சுமார் 12,000 பெட்டிகள்தான் செய்யப்பட்டன. பிறகு பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியை அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் சத்தம் உலகத்தின் சத்தமானது. இன்று செல்போனில் இலவசமாக இறங்கும் ஆப்களில் பெரும்பாலானவை அந்தப் பதினாறு பொத்தான்களின் பேரப்பிள்ளைகள்.

அந்தப் பெட்டி உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே ஒரு இந்தியர் அதை வைத்து விளையாடியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாயில் இந்திப் படப் பாடல்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982ல் டிஆர்-808ஐயும் டிபி-303ஐயும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். எச்எம்வி வெளியிட்டது. விற்கவில்லை. 2010ல் நெதர்லாந்திலிருந்து மறுபதிப்பு வந்த பிறகுதான் மேற்கத்திய ரசிகர்கள் விழித்துக்கொண்டார்கள். சிகாகோவில் 1980களின் பிற்பகுதியில் பிறந்ததாகக் கருதப்பட்ட ஒரு நடன இசையின் சாயல் அதற்குச் சில வருஷங்கள் முன்பே பம்பாயில் கேட்டிருக்கிறது! ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு 2015ல் சரண்ஜித் சிங் காலமானார். ஆனால் அந்த இசைத்தட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பெட்டிக்குள் ராகம் நுழைந்தது. தாளம் நுழையவில்லை. பைரவியானாலும் பூபாளியானாலும் கீழே ஓடுவது அதே டிஸ்கோ அடிதான்.

நம் தாளத்தைப் பெட்டிக்குள் வைக்கும் வேலையைச் செய்ததில் பெங்களூருக்குப் பங்கு உண்டு. எச்ஏஎல்லில் என்ஜினியராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண் தொடங்கிய ராடெல் நிறுவனம் மின்னணுத் தம்புராவையும், 'தால்மாலா' என்ற மின்னணுத் தபலாவையும் செய்தது. தாளத்தைத் தேர்ந்தெடுத்து வேகத்தைத் திருகினால் அலுக்காமல் வாசித்துக்கொண்டிருக்கும் பெட்டி. சாதகம் செய்யும் மாணவர்கள் வீட்டில் அது சர்வசாதாரணம். ஆனால் சாஸ்திரீய சங்கீதத்துக்குப் பெட்டி செய்ய ஆள் வந்தார்கள். தெருவில் அடிக்கும் மேளத்துக்கு யார் பெட்டி செய்யப்போகிறார்கள்?

சந்தாபுரா இளைஞரின் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

அவருடைய சொந்த ஊர் ராயக்கோட்டைக்கு அப்பால் ஒரு கிராமம். அப்பா பறை அடித்தவர். திருவிழாவுக்கும் அடித்தார், சாவுக்கும் அடித்தார். சாவுக்கு அடிக்க வரச்சொல்லி ஆள் வரும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாது. கூலி என்பது அவர்கள் கொடுப்பதுதான். வீட்டு வாசலுக்கு வெளியே நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மேசையைத் தட்டிக் காட்டிக் கிண்டல் செய்தான். அன்று அழுதுகொண்டு வந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, அப்பா பறையைப் பரணில் தூக்கிப் போட்டார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மகனைத் தொடவும் விடவில்லை. ஐடிஐ, ஓசூர், பிறகு பொம்மசந்திரா என்று பிள்ளை போனது அவர் விரும்பிய வழி.

பறை அடிக்க மறுப்பது சுயமரியாதை என்று 1980களிலும் 90களிலும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் தலித் மக்கள் தீர்மானித்தார்கள். உயிரைக் கொடுத்துப் போராடி வாங்கிய உரிமை அது. அதே காலத்தில், சாவு வீட்டை விட்டு மேடைக்குக் கொண்டுவந்து, இது கலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன குழுக்களும் தோன்றின. இந்த இரண்டில் எது சரி என்று வெளியே இருப்பவர்கள் தீர்ப்பு சொல்வது அழகல்ல. 2025ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மகன் செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினார். அப்பா வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2020 ஊரடங்கில் தொழிற்சாலை மூடியிருந்த மாதங்களில்தான் அவர் செல்போனில் தாளம் கட்டப் பழகினார். முதலில் யூடியூபில் கானா பாடும் நண்பர்களுக்கு. பிறகு கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு. சில நூறு ரூபாய் கிடைக்கும். கேட்பவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: பறை சத்தம் வேண்டும்.

இணையத்தில் கிடைத்த பறை சத்தத்தை எடுத்துப் போட்டார். தகரம் தட்டியதுபோல இருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், பதினாறு கட்டம். ஊரில் கேட்டுப் பழகிய அடி மும்மூன்றாகப் போகும், தகிட தகிட என்று. பதினாறை மூன்றால் வகுத்தால் ஒன்று மிச்சம். அந்த ஒன்று சுற்று முடியும்போதெல்லாம் காலைத் தடுக்கிவிடும். கட்டங்களைப் பன்னிரண்டாகக் குறைக்கலாம் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. பன்னிரண்டு சரியாக வந்தது. மிஸ்ரத்துக்குப் பதினாலு, கண்டத்துக்குப் பத்து. கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இது பாலபாடம். அவர் ஆப்பைத் தடவித் தடவித் தெரிந்துகொண்டார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, தைரியம் வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் போட்டுக் காட்டினார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான், நைனா."

"நீயா? கையே வைக்கலையேடா."

இரண்டாவது தடவை கேட்டார். பிறகு சொன்னார்: "நாலு பேரு அடிச்சா நாலு பேரா கேக்கணும். இது ஒருத்தனே நாலு கையால அடிக்கிற மாதிரி இருக்குது."

ஒரு விமர்சகர் பத்துப் பக்கம் எழுதினாலும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. நாலு பறைக்காரர்கள் சேர்ந்து அடிக்கும்போது நாலு அடியும் ஒரே கணத்தில் விழுவதில்லை. ஒருவர் மயிரிழை முந்துவார், ஒருவர் மயிரிழை பிந்துவார். காதுக்கு அது பிழையாகத் தெரியாது, கூட்டமாகத் தெரியும். கட்டத்தில் வைத்த நாலு அடியும் ஒரே ஊசிமுனையில் விழுந்தன. இதற்கும் ஆப்பில் வழி இருந்தது. ஒவ்வொரு அடியையும் கட்டத்துக்குள் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தலாம், சிலதை மெலிதாக்கலாம். பெங்களூர் திரும்பியதும் வேனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். நாலு பேர் வந்தார்கள். யார் முந்தும் ஆள், யார் பிந்தும் ஆள் என்று மனதில் பெயர்கூட வைத்துக்கொண்டார்.

ஆனால் மருளடி மட்டும் படியவில்லை. சாமி வருவதற்கு அடிக்கும் அடி அது. நிதானமாகத் தொடங்கி, ஆடுபவரின் உடம்பு நடுங்கத் தொடங்கியதும் ஏறும். ஆப்பில் வேகம் என்பது மூலையில் இருக்கும் ஒரு எண். அதை மெல்ல மெல்ல ஏற்றிப் பார்த்தார். ஏறியது. லிஃப்ட் ஏறுவதுபோல ஏறியது. எதற்காக ஏறுகிறது என்று அதற்குத் தெரியவில்லை.

சித்திரையில் மறுபடி ஊருக்குப் போனபோது அப்பாவிடம் நேராகவே கேட்டார். பரணிலிருந்து பறையை எடுக்க வேண்டாம், எப்படி ஏறும் என்று மட்டும் காட்டச் சொல்லி. முடியாது என்று அப்பா எழுந்து போய்விட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, கழுவாத அலுமினியத் தட்டைக் கவிழ்த்து வைத்து விரலால் தட்ட ஆரம்பித்தார். அடிக்குச்சி விழும் இடத்தில் கட்டைவிரல், மெல்லிய நீளக்குச்சிக்குச் சுண்டுவிரல். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மகன் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நாற்பது விநாடி. நடுவில் இரண்டு தடவை அப்பா வேகத்தைக் கூட்டாமல் பிடித்து வைத்திருக்கிறார், யாருக்காகவோ காத்திருப்பதுபோல. யாரும் அங்கே ஆடவில்லை. ஆனால் அவர் கண் தட்டைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவருக்குக் கீழே, ஒரு ஆளின் கால் இருக்கும் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நாற்பது விநாடியைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டங்களில் உட்காரவைக்க மூன்று வாரம் முயன்றார். எந்தத் துண்டும் எந்தக் கட்டத்திலும் ஒழுங்காக உட்காரவில்லை. பிடித்து இழுத்து உட்காரவைத்தால் காத்திருப்பு போய்விடுகிறது. கடைசியில் வெட்டுவதை நிறுத்தினார். பதிவை முழுசாக ஒரு தனி வரிசையில் போட்டார். கட்டத்தின் கோடுகளை அணைத்துவிட்டு, மற்ற மூன்று பறையையும் அந்தத் தட்டுச் சத்தத்துக்குப் பக்கத்தில் காதால் கேட்டுக் கேட்டுக் கையால் வைத்தார். அடி அடியாக. இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வேலையைக் கையால் செய்வதற்கு இது சமம் என்று அறையில் இருப்பவர்கள் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புதான்.

வேலை முடிய ஆடி வந்துவிட்டது. ஒரு கல்யாண வீடியோக்காரர் நல்ல விலைக்குக் கேட்டார். யூடியூபில் போடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். யார் பெயரைப் போடுவது? அப்பாவுக்குப் போன் செய்து கேட்டார். என் பேரு வேணாம், உன் பேரும் வேணாம் என்று அப்பா சொல்லிவிட்டார். மேசையைத் தட்டிக் காட்டிய பையன்கள் இப்போதும் எங்கோ இருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். மகன் வற்புறுத்தவில்லை. விற்கவும் இல்லை.

பத்து நாள் கழித்து, வேன் சந்தாபுரா மேம்பாலத்துக்கு முன்னால் வழக்கம்போல நின்றிருந்தபோது அப்பாவே போன் செய்தார். ஊரில் மழையா, சாப்பிட்டியா என்று சுற்றி வளைத்தார். பிறகு கேட்டார்:

"அது அப்படியே வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன், நைனா."

"கடைசியில ரெண்டு அடி தப்பா விழுந்துடுச்சு. தட்டுல சரியா வராது கண்ணு. ஞாயித்துக்கெழம வா. குச்சி சீவி வச்சிருக்கேன்."