அப்பாவின் ஹெரால்டுக்கு இடம் எங்கே?

தாம்பரத்தில் அந்தப் பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். சாமான்களை எங்கே ஏற்றுவது என்பதைவிட, அப்பா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் வீட்டுக்காரரின் பெரிய கவலை. புது வீட்டுக்கு ஒரே ஒரு பார்க்கிங். அதில் மகனின் கார் நிற்கும்.

இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு, 1960-களில் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. பானெட்டைத் தூக்கினால் முன்பக்க மட்கார்டுகளும் சேர்ந்தே எழும்; எஞ்சின் முழுசாகத் தெரியும். நான்கு கதவு ஹெரால்டு வந்தது இந்தியாவில் மட்டும்தான்.

பழைய காரை ஓட்டுவதைவிட நிறுத்தி வைப்பதுதான் சிரமம். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். பேட்டரி இறங்கும். பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைக்கும். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். எலி வேறு ஒயரைக் கடித்துவைக்கும். அதனால்தான் ஞாயிறுதோறும் அவர் ஹெரால்டை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார்.

ஹோட்டல் வாசலில் காட்சிக்கு வைக்க ஒருவர் விலை பேசினார். நல்ல விலைதான்.

"அங்கே பளபளன்னு வெச்சுப்பாங்கப்பா" என்றான் மகன்.

"ஓடாதேடா" என்றார் அவர்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு மெக்கானிக்கின் ஷெட்டில் இடம் கிடைத்தது. மாத வாடகையைக் கேட்டு அவர் தயங்கினார்.

"வாடகையை நான் தர்றேன். ஆனா, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வண்டி எனக்கு" என்றான் மகன்.