ஒடித்துப் பார்த்த மஞ்சள்

ஒரு பொருளை வாங்குவது எளிது. ஒன்றுபோலவே தோன்றும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே கடினம். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு பழைய வண்டி.

நாமகிரிப்பேட்டையிலே மஞ்சள் பயிரிட்டு வாழும் குடும்பம் எங்களுடையது. என் தாயாருக்கு வயது 78. முழங்கால் வலியால் வருந்துகிறவர். சென்ற கோடையில் நாங்கள் அனைவரும் ஏற்காட்டுக்குப் புறப்பட்டபோது, பேருந்தின் உயர்ந்த படியில் கால் வைக்க இயலாமல் அவர் வீட்டுக்கே திரும்பிவிட்டார். "நீங்கள் போய் வாருங்கள், சாமி. ஏரியிலே படகு எப்படிப் போகிறதென்று வந்து சொன்னால் போதும்" என்றார். அன்று படகில் அமர்ந்திருந்த என் நெஞ்சை அச்சொற்களே அறுத்துக்கொண்டிருந்தன.

ஆகவே, இவ்வாண்டு மஞ்சள் விற்ற பணத்தில் பழைய ஆம்னி வண்டி ஒன்று வாங்க முடிவு செய்தோம். 1984-இல் வெளிவந்து, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. அதன் தாழ்ந்த படியும், பக்கவாட்டில் நகரும் கதவும் தாயாருக்கு ஏற்றவை. தரகர் இரண்டைக் காட்டினார். இரண்டும் 2015-இல் பதிவானவை, இரண்டும் வெள்ளை. ஒன்று புதுமணப் பெண்ணைப்போல் மின்னியது. விலையும் 15,000 ரூபாய் குறைவு. மற்றொன்றின் மேனியெங்கும் கீறல்கள். என் உள்ளம் எதன்பால் சாய்ந்ததெனச் சொல்லவும் வேண்டுமோ?

முன்பணம் கொடுக்கக் கிளம்பிய என்னைத் தாயார் அருகழைத்தார். காய்ந்த விரலி மஞ்சள் ஒன்றை என் கையில் வைத்து, "உருளையிலே போட்டுச் சுற்றினால் எல்லா மஞ்சளுந்தான் பளபளக்கும். ஒடித்துப் பார்த்தல்லவா விலை பேசுகிறோம்? வண்டியை ஒடித்துப் பார்த்தாயா, சாமி?" என்றார்.

வெட்கத்துடன், அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்றேன். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். சூடேறிய இயந்திரம் தன் குறையை மறைத்துவிடுமாம். மின்னிய வண்டி நீலப் புகை கக்கியது. இயந்திரத்துக்குள் எண்ணெய் எரிகிறது என்பதே அதன் பொருள். தரைவிரிப்பைத் தூக்கினார், அடித்தகடு துருவேறி, விரல் பட்டவுடன் உதிர்ந்தது. பதிவுப் புத்தகத்திலோ பழைய கடன் குறிப்பு நீக்கப்படாமலே இருந்தது.

கீறல் விழுந்த வண்டியின் உரிமையாளர், நாங்கள் கேட்குமுன்பே, "கிளட்ச் தேய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள்" எனக் கூறி, பழுதுபார்த்த ரசீதுகளையெல்லாம் எடுத்து வைத்தார். புகையில்லை, துருவில்லை. சேசிஸ் எண்ணும் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. சொந்த வண்டியின் முதற்பதிவு 15 ஆண்டுகள் செல்லுமாதலால், 2030 வரை அக்கவலையும் இல்லை. அதையே வாங்கிக் கிளட்சை மாற்றினோம்.

சென்ற மாதம் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அவ்வண்டி தயங்காமல் ஏறியது; தாழ்ந்த கியரில் பத்திரமாக இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும், உதிர்ந்த அந்தத் தகடு என் நினைவில் வந்து நின்றது. 15,000 ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி, எவரையெல்லாம் அதன்மேல் ஏற்றிவிட இருந்தேன்!

பேரப்பிள்ளைகள் இருபுறமும் கைபிடிக்க, தாயார் படகில் ஏறினார். கரை திரும்பும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் மாலை, திண்ணையில் அமர்ந்து, ஏரியிலே படகு எப்படிப் போகிறதென்று அண்டை வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.