பியானோ பிறந்த ஊர்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், அக்காதெமியா கலைக்கூடத்தின் வாயிலில் நீண்ட வரிசையில் நிற்க நேரிடும். மைக்கேலாஞ்சலோவின் பளிங்குச் சிலையைக் காணத்தான் அத்தனை நெரிசல்! கண்டவுடன் திரும்பிவிடாதீர்கள். அதே கட்டடத்தில் பழைய இசைக்கருவிகளுக்கென ஒரு பகுதி உண்டு. 1690ஆம் ஆண்டில் செய்யப்பட்ட, முட்டை வடிவச் சிறு கருவி ஒன்றை அங்கே காண்பீர்கள். அதைச் செய்த பர்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவரே பியானோவையும் உருவாக்கியவர்.

படுவா நகரில் 1655இல் பிறந்த அவரை, மெடிச்சி குலத்து இளவரசர் ஃபெர்டினாண்டோ 1688இல் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். ஏறக்குறைய நூறு கைவினைஞர்கள் வேலை செய்த பெருங்கூடத்தில் அவருக்கும் இடம் ஒதுக்கினர். அங்கு எழுந்த ஓசையால் அவர் பெரிதும் அவதியுற்றார். தந்திகளைச் செவியால் சோதித்துச் சுருதி கூட்டவேண்டியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்! பின்னரே தனிப் பட்டறை கிடைத்தது.

அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்தது ஹார்ப்சிகார்ட் என்னும் கருவி. அதன் கட்டையை அழுத்தினால் பறவை இறகின் தண்டு ஒன்று தந்தியைச் சுண்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியில் பெரிய மாற்றம் இராது. கிறிஸ்தோஃபோரி சுண்டுவதை விடுத்துத் தோல் போர்த்திய சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டச் செய்தார். தட்டிய சுத்தியல் தந்தியிலேயே தங்கிவிட்டால் ஒலி செத்துவிடுமல்லவா? விரல் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் விடுபட்டுக் கீழே விழுமாறு ஒரு பொறியமைப்பை வகுத்தார். அவருடைய மேதைமை முழுவதும் அந்தச் சிறு விடுபடலில்தான் இருக்கிறது. விரலின் அழுத்தத்திற்கேற்ப இப்போது ஒலி தாழ்ந்தது, உயர்ந்தது.

மெடிச்சி மாளிகையின் 1700ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில் இப்புதுக்கருவி இடம்பெற்றுவிட்டது. 1711இல் மாஃபெய் என்னும் அறிஞர் இதனை விரிவாகப் பாராட்டி எழுதினார். ஒலி மந்தமாக இருக்கிறதென்று குறை கூறியோரும் இருந்தனர். இத்தாலியர் இதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அக்கட்டுரை 1725இல் ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. அங்கே சில்பர்மன் என்பவர் இவ்வழியில் பியானோக்கள் செய்தார். இசைமேதை பாஹ் முதலில் அவற்றில் குறை கண்டார்; 1747இல் பிரஷ்ய மன்னரின் மாளிகையில் சில்பர்மனின் பியானோக்களைத் தாமே வாசித்தார். கண்டுபிடித்த பெருமையும் ஒரு காலம்வரை சில்பர்மனையே சேர்ந்திருந்தது. கிறிஸ்தோஃபோரியோ 1731இலேயே காலமாகிவிட்டார்.

அவர் செய்த பியானோக்களில் இன்று எஞ்சியவை மூன்றே. 1720இல் செய்தது நியூயார்க்கிலும், 1722இல் செய்தது ரோமிலும், 1726இல் செய்தது ஜெர்மனியின் லைப்சிக்கிலும் உள்ளன. பிறந்த ஊரில் ஒன்றுகூட இல்லை! சாந்தா குரோச்சே தேவாலய முற்றத்தில் 1876இல் அவருக்கு ஒரு நினைவுக் கல் பதித்தார்கள். அதிலும் கண்டுபிடித்த ஆண்டு 1711 என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது.