எவர்சில்வரும் உப்புக்காற்றும்

'எவர்சில்வர்' என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் யாரும் ஐயுற்றதில்லை. வெள்ளைக்காரன் 'கறை படியாத எஃகு' என்று அடக்கமாகப் பெயரிட்ட ஒன்றை, 'என்றென்றும் வெள்ளி' என்று உயர்த்திவைத்த பெருமை நம்மவர்களுடையது. அக்காவின் திருமணச் சீரில் குடம், அண்டா, தூக்குவாளி என்று அடுக்கி வைத்தபோது, இவை பேரப்பிள்ளைகள் காலம்வரை வரும் என்று அம்மா சொன்னார். வந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால், பாம்பனில் அம்மா வசிக்கும் வீட்டின் குளியலறையில், எங்கள் எவர்சில்வர் நம்பிக்கை ஒரு விடியற்காலையில் சுவரிலிருந்து பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது.

நாங்கள் மூவர், மூவரும் வெளியூரில் இருக்கிறோம். எண்பதைக் கடந்த அம்மாவுக்கு ஊரைவிட்டு வர மனமில்லை. ஆகவே, வழுக்காத தரை, உட்கார்ந்து எழப் பீங்கான் கோப்பை, அதன் அருகே பிடித்து எழுவதற்கு ஒரு கைப்பிடிக் கம்பி என்று எங்கள் மனசாட்சிக்கு ஆறுதலான ஏற்பாடுகளைச் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தோம். கம்பி சென்னையில் வாங்கியது. கடையின் பெயர் வேண்டாம். கேட்கவேண்டியதைக் கேட்காமல் வாங்கியவர்கள் நாங்கள்தாம். இரண்டாண்டு கழிந்து, அம்மா எழுந்துகொள்ளப் பிடித்தபோது அது கழன்றது. மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு தப்பியது என்று சொல்லிச் சொல்லி எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

கழன்ற கம்பியைக் கூடத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பியில் தேநீர் தெளித்ததுபோல் சில பழுப்புப் புள்ளிகள் மட்டுமே இருந்தன. சுவருக்குள் இருந்த திருகாணிகள்தாம் பொடியாகிப் போயிருந்தன. கம்பி ஓர் உலோகம், திருகாணி வேறோர் உலோகம்; துத்தநாகப் பூச்சிட்ட சாதாரண இரும்பு. இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் நனைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அது ஒரு சிறு மின்கலம். அதில் தாழ்ந்த உலோகம் கரைந்து, உயர்ந்ததைக் காப்பாற்றும். கம்பி பெரிது, திருகாணி சிறிது. பெரியதற்காகச் சிறியது மிக விரைவில் தேய்ந்துபோகும். பளபளப்பது எதுவோ அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் முழுவதும் செலவிட்ட நாங்கள், அதைத் தாங்கப்போகும் ஆணியை ஒரு கணமும் பார்க்கவில்லை.

பாம்பனைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு சொல். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எத்திசையிலிருந்து காற்று வந்தாலும் அது கடலைத் தொட்டே வரும். வந்து படியும் உப்போ ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசிவு இங்கே கதவுத் தாழ்ப்பாளிலும் குழாய்த் திருகிலும் மிதிவண்டிக் கம்பியிலும் ஆண்டு முழுதும் நிகழ்கிறது. காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பைச் சோதிக்க ஒரு நிலையத்தை மண்டபத்தில் வைத்துக்கொண்டது காரணத்தோடுதான். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளையும், திருகுகளுக்குப் பதில் முழுதும் பற்றவைத்த இணைப்புகளையும், பாலிசிலாக்ஸேன் பூச்சையும் கையாண்டிருக்கிறார்கள். பாலத்துக்கு இவ்வளவு யோசித்தவர்கள் பொறியாளர்கள். குளியலறைக்கு யோசிக்கவேண்டியவர்கள் நாம்.

அம்மாவின் கட்டுப் பிரிக்கும்வரை முறைவைத்து ஊரில் தங்கினோம். அந்த வாரங்களில் வீட்டில் எது நிலைத்தது, எது போனது என்று எண்ணிப் பார்ப்பதே எங்களுக்கு வேலையானது.

முற்றத்துத் தொட்டியில் தாத்தா காலத்துப் பித்தளைக் குழாய் ஒன்று இன்றும் சொட்டாமல் நிற்கிறது. பித்தளைக்கும் உப்புக்கும் நட்பு என்று எண்ணிவிட வேண்டாம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த அந்த உலோகத்திலிருந்து, உப்புநீர் துத்தநாகத்தை மட்டும் மெல்லக் களவாடும். வடிவம் மாறாது, ஆனால் செந்நிறமேறி நுண்துளைகள் நிறைந்த செம்புக்கூடு ஒன்றே மிஞ்சும். ஒருநாள் திருகும்போது முறியும். தாத்தாவின் குழாய் பிழைத்ததற்கு அதன் கனமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. வார்ப்பில் அவ்வளவு உலோகத்தைக் கொட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் புளியிட்டுத் தேய்த்த பாட்டிக்கும் பின்னர் அம்மாவுக்கும் அதில் பங்குண்டு. தேய்ப்பது அழகுக்காக என்றே நினைத்திருந்தோம். படிந்த உப்பும் அதோடு போகிறது என்பது இப்போதுதான் உறைத்தது. நாளும் கைபடும் இடம் பிழைக்கிறது. கை எட்டாத அடிப்பக்கமும் சுவரோரமும் முதலில் போகின்றன. வெளியிலுள்ள எவர்சில்வரும் அவ்வாறே. மழை கழுவும் பக்கத்தைவிட மழை படாத பக்கமே விரைவில் பழுப்பேறும்.

புதிதாக மாட்டிய குரோமியக் குழாய்களின் கதை சுருக்கமானது. குரோமியப் பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே உப்பு உள்ளே இறங்கும். அடியில் பித்தளை இருந்தால் சில காலம் தாங்கும். விலை குறைந்த பிடிகளில் அடியிலிருப்பது துத்தநாகக் கலவை. அம்மை போட்டதுபோல் கொப்புளித்து, உரிந்து, கையைக் கிழிக்கும்.

வாஷ்பேசினும் கோப்பையும் மட்டும் வைத்த நாள் போலவே இருந்தன. பீங்கான் ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் வெந்து, மேலே கண்ணாடியாகவே உருகிய மெருகு பூண்டது. உலோகங்கள் அரும்பாடுபட்டுத் தடுக்கும் ஆக்சிஜனோடு அது முன்னமே சமாதானமாகிவிட்ட பொருள். உப்புக்கு அதனிடம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. (ஆசிட் ஊற்றிக் கழுவி மெருகைக் கெடுப்பது மனிதர்களின் திருப்பணி.) ராமநாதபுரத்துக்கு அருகே வைகை முகத்துவாரத்தில் அழகன்குளம் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்தவற்றில் பானையோடுகளுக்குக் குறைவில்லை. கப்பல் வரைந்த ஓடொன்றும் உண்டு. ஈராயிரம் ஆண்டு இந்தக் கரையின் மண்ணில் கிடந்தும் கோடு அழியவில்லை. சுட்ட மண்ணுக்கு இக்கடற்கரை அளித்த நற்சான்றிதழ் அது.

குழாய்களை மாற்ற வந்தவர் உள்ளூர்க்காரர். எங்கள் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, மினுக்கிற சாமான் இந்த ஊருக்கு விருந்தாளி மாதிரி. பிளாஸ்டிக்கைப் போடுங்க, அது வீட்டு ஆளு." அவர் காட்டியது பி.டி.எம்.டி. என்ற வெள்ளை நெகிழிக் குழாய். துருவென்ற பேச்சே இல்லை. வெயிலில் நின்றால் காலப்போக்கில் வெளிறி நொறுங்கும். குளியலறை நிழலில் அந்தக் கவலையும் குறைவு. இலக்கியம் படித்த எங்களுக்கு நெகிழி என்றால் ஓர் இளக்காரம் உண்டு. அம்மாவுக்கு அதைவிட அதிகம். "பொம்மைக் குழாய்" என்று பெயர் சூட்டிவிட்டார். தனுஷ்கோடி மணலில் ஊற்றுத் தோண்டி ஓலைப்பட்டையில் நீர் மொண்டவர்களும் எடையற்ற, துருவேறாத, எளிதில் கிடைக்கும் பொருளைத்தான் தேர்ந்தார்கள் என்று வாதிட்டுப் பார்த்தோம். "ஓலை ஓலைதான்" என்றார். மறுப்புரைக்க இயலவில்லை.

கைப்பிடிக் கம்பியை மட்டும் நெகிழியிடம் ஒப்படைக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. எவர்சில்வரிலும் சாதிகள் உண்டென்று அப்போதுதான் கற்றோம். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 304. குரோமியம் பதினெட்டு, நிக்கல் எட்டு விழுக்காடு அளவில் இருக்கும். அதன் மேனியைக் காப்பது கண்ணுக்குத் தெரியாத குரோமிய ஆக்சைடு படலம். உப்பிலுள்ள குளோரைடு அதை ஊசியால் குத்துவதுபோல் ஆங்காங்கே துளைக்கும். 316-ல் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் சேர்வதால் துளைப்பது கடினமாகிறது. 202 என்று மலிவானதும் ஒன்றுண்டு. நிக்கலின் ஒரு பகுதிக்கு மாங்கனீசு போட்டது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது என்று நம்மூரில் ஒரு சோதனை உண்டே, அது இங்கே பயனற்றது. மூன்றிலுமே காந்தம் அநேகமாக ஒட்டாது. எண்ணைக் கேட்டு ரசீதில் எழுதி வாங்குவது ஒன்றே வழி.

316-ல் கம்பி எளிதாகக் கிடைத்தது. அதே தரத்தில் திருகாணி கிடைக்க மூன்று வாரம் அலைந்தோம். ஒரு கடைக்காரர், "சுவத்துக்குள்ள போற ஆணியை யாரு சார் பாக்கப்போறா?" என்று கேட்டார்.

மாட்டி முடித்ததும் நாங்கள் மூவரும் ஒருவர்பின் ஒருவராக அதில் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்கவேண்டும் என்று உதவிக்கு வரும் பெண்ணிடம் சொல்லியிருக்கிறோம். சுவரோரம், அடிப்பக்கம் என்று தனியே காட்டியும் கொடுத்தோம். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் கம்பி எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். "அதுக்கென்ன, இருக்கு" என்கிறார் அம்மா. சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கவனித்தோம்: எழுவதற்கு முன் இடக்கையால் அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, மற்றொரு கையைச் சுவரில் ஊன்றியே எழுந்திருக்கிறார்.